பாதியில் நின்றால் என்ன ஆகும்? எஸ்சிபி, ஆர்சிங்க், டார், க்ராக்: எதை எப்போது எடுப்பது

கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டில் பழைய கணக்குப் புத்தகங்களை ஸ்கேன் செய்து கொடுக்கும் வேலை எனக்கு. பேரேடு, குறிப்பேடு, ஐந்தொகை, பர்மாவிலிருந்து வந்த கடிதங்கள், ஓரம் பூச்சி அரித்த கல்யாணப் போட்டோக்கள் என்று ஏழாயிரம் பக்கம் தேறியது. ஏ4 அளவுப் பக்கத்தை 300 டிபிஐயில், கலரில், சுருக்காமல் டிஃப் ஃபைலாக எடுத்தால் ஒரு பக்கம் சுமார் 25 எம்பி வரும். மொத்தம் 175 ஜிபி. இது லேப்டாப்பிலிருந்து அந்த வீட்டில் வைத்திருக்கும் லினக்ஸ் டெஸ்க்டாப்புக்குப் போக வேண்டும், அங்கிருந்து காரைக்குடியில் என் அறைக்கு ஒரு பிரதி வர வேண்டும், சென்னையில் இருக்கும் பங்காளி ஒருவருக்கு முழுசாகவும், பினாங்கில் இருக்கும் இன்னொருவருக்குக் கொஞ்சமாகவும் போக வேண்டும். வீடு எல்லாப் பங்காளிகளுக்கும் பொது, அதனால் கணக்கும் பொது.

ஒரு மெஷினிலிருந்து இன்னொன்றுக்கு ஃபைல் அனுப்ப எந்த கமாண்ட் (டைப் செய்து ஓட்டும் கட்டளை) வேகமானது என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் தேடினேன். ஆனால் இந்த வேலையில் வேகத்தைப் பெரும்பாலும் கமாண்ட் தீர்மானிப்பதில்லை, கம்பி தீர்மானிக்கிறது. கமாண்ட் தீர்மானிப்பது வேறொன்றை: பாதியில் நின்றுபோனால் மறுபடி எங்கிருந்து தொடங்குவது, வந்து சேர்ந்தது முழுசாக வந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது. நம் பக்கம் கரண்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது, ஆகவே நான் எல்லாவற்றையும் இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் எடை போடுகிறேன்.

முதலில் கம்பி. செட்டிநாட்டு வீடு ஒரு தெருவில் முகப்பு வைத்து அடுத்த தெருவில் பின்கட்டு முடியும் வீடு. ரௌட்டர் முகப்பில் இருந்தது, நான் ஸ்கேனரை வைத்திருந்தது இரண்டாம் கட்டில். நடுவில் எத்தனை சுவர், ஒவ்வொன்றும் எத்தனை கனம்! வைஃபை அங்கே வந்து சேர்ந்தபோது நொடிக்கு இரண்டரை எம்பிதான் தேறியது. அந்த வேகத்தில் 175 ஜிபிக்குப் பத்தொன்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும். வளவின், அதாவது நடு முற்றத்தின் ஓரமாக, தூண்களை ஒட்டி லேன் கேபிள் இழுத்தேன். நூறு மீட்டர் வரை கேபிள் தாங்கும், அந்த வீட்டுக்கு அது போதும். ஆனாலும் வேகம் நொடிக்கு 11 எம்பியைத் தாண்டவில்லை. 11 என்று பார்த்ததுமே சந்தேகப்பட வேண்டும், ஏனென்றால் அது 100 எம்பிபிஎஸ் இணைப்பின் உச்சம் (எம்பிபிஎஸ் கணக்கை எட்டால் வகுத்தால்தான் எம்பி). கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) ஓடுவதற்குக் கேபிளில் உள்ள எட்டு நரம்பும் சரியாகத் தொட வேண்டும், ஒன்று விட்டுப்போனாலும் பல சமயம் இரண்டு பக்க மெஷினும் தாங்களாகவே 100க்கு இறங்கிவிடும், எந்த எச்சரிக்கையும் வராது. ஒரு முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் பழுப்பு நரம்பு மட்டும் பின்னைத் தொடாமல் ஒரு மில்லிமீட்டர் பின்தங்கி நின்றது. முனையை வெட்டி மறுபடி கிரிம்ப் செய்தேன், வேகம் நொடிக்கு நூறு எம்பியைத் தாண்டியது. நாலரை மணி நேர வேலை அரை மணியில் முடியும் என்றானது. எந்த கமாண்டை மாற்றினாலும் இந்தப் பலன் கிடைத்திருக்காது. ஆகவே டூல்களை ஒப்பிடும் முன் கேபிளைப் பாருங்கள்.

சரி, டூலுக்கு வருவோம்.

ஃபைல் அனுப்பும் பழைய முறையான எஃப்டிபியைச் சீக்கிரம் ஓரம் வைத்துவிடலாம். அதன் முதல் வரைவை 1971இல் எழுதியவர் அபய் பூஷண், நம் நாட்டுக்காரர். அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம். ஆனால் பாஸ்வேர்டும் ஃபைலும் மறைக்கப்படாமல் அப்படியே கம்பியில் போகும். 1995இல் ஃபின்லாந்தில் தாது யிலோனென் எஸ்எஸ்ஹெச் (போவதையெல்லாம் மறைத்து இன்னொரு மெஷினோடு இணைக்கும் முறை) எழுதியதே, அவருடைய பல்கலைக்கழக நெட்வொர்க்கில் யாரோ பாஸ்வேர்டுகளை ஒட்டுக்கேட்டதால்தான். இன்று நான் சொல்லப்போகிற எஸ்சிபி, எஸ்எஃப்டிபி இரண்டும் அந்த எஸ்எஸ்ஹெச்சின் மேல்தான் ஓடுகின்றன, ஆர்சிங்க்கையும் வேறு மெஷினுக்கு அனுப்ப அதன் மேல்தான் ஓட்டுவோம்.

எஸ்சிபி எல்லோருக்கும் தெரிந்தது. காப்பி கமாண்ட் மாதிரியே எழுதலாம், எங்கும் இருக்கும், விண்டோஸ் 10இலும் கூடவே வருகிறது. ஒரு ஃபைல், இரண்டு ஃபைல் என்றால் இன்னும் நான் அதைத்தான் அடிக்கிறேன். எஸ்எஸ்ஹெச், எஸ்சிபி டூல்களை எழுதித் தரும் ஓப்பன்எஸ்எஸ்ஹெச்காரர்களே பழைய எஸ்சிபி புரோட்டோகால் காலாவதியானது என்று 2019இல் சொல்லி, 2022இல் வந்த 9.0 பதிப்பிலிருந்து உள்ளுக்குள் எஸ்எஃப்டிபி முறைக்கு மாற்றிவிட்டார்கள். பழைய ரௌட்டர், பழைய ஸ்டோரேஜ் பெட்டிக்கு அனுப்பும்போது திடீரென்று பிழை வந்தால், ஹைஃபன் போட்டு ஆங்கிலப் பெரிய ஓ எழுத்தைச் சேர்த்தால் பழைய முறையில் போகும். இது தெரியாமல் பலர் பாஸ்வேர்டை மாற்றி மாற்றிப் பார்க்கிறார்கள்.

ஆனால் முதல் நாள் ராத்திரி அந்த 175 ஜிபியையும் நான் எஸ்சிபியில்தான் அனுப்பினேன், தப்பு அங்கேதான். எட்டரை மணிக்குக் கரண்ட் போனது. டெஸ்க்டாப் இன்வெர்ட்டரில் நின்றது, லேப்டாப்பில் பேட்டரி இருந்தது, முகப்பில் இருந்த ரௌட்டர் மட்டும் அணைந்தது. அந்த வீட்டு ஆச்சி விளக்கை எடுத்துக்கொண்டு வந்து, “என்ன தம்பி, எல்லாம் போயிருச்சா?” என்று கேட்டார். “இல்லை ஆச்சி, பாதிதான் நின்னிருக்கு” என்று சொன்னேன். ஆனால் எந்தப் பாதி என்று எனக்கே தெரியவில்லை. மறுநாள் காலையில் போன ஃபைல்களைத் திறந்து பார்த்துக்கொண்டே வந்தபோது ஒரு பேரேட்டுப் பக்கம் வந்தது. மேலே வரவு வரிசை தெளிவாக இருந்தது, மையின் நீலம்கூட அப்படியே இருந்தது. பக்கத்தின் நடுவில், பற்று எழுதத் தொடங்கும் இடத்திலிருந்து கீழ்வரைக்கும் வெறும் கறுப்பு. ஃபைல் பெயர் சரியாக இருந்தது, ஃபோல்டர் சரியாக இருந்தது. நான் திறந்து பார்க்காமல் விட்டிருந்தால், அது முழுப் பக்கம் என்று நம்பி லேப்டாப்பில் இருந்ததை அழித்திருப்பேன்.

இதுதான் எஸ்சிபியின் பிரச்சினை. வந்துகொண்டிருக்கும்போதே அது ஃபைலுக்கு நிஜப் பெயரை வைத்துவிடுகிறது, அறுந்துபோனால் அரைகுறை அந்தப் பெயரிலேயே உட்கார்ந்திருக்கும். மறுபடி ஓடவிட்டால் விட்ட இடத்திலிருந்து தொடராது, முதலிலிருந்து எல்லாவற்றையும் திரும்ப அனுப்பும்.

எஸ்எஃப்டிபி கொஞ்சம் மேல். உள்ளே போய் உட்கார்ந்து, ஃபோல்டர் ஃபோல்டராகப் பார்த்து, எடுக்கலாம், வைக்கலாம். ரீகெட், ரீபுட் என்று இரண்டு கமாண்ட் இருப்பதால் ஒரே பெரிய ஃபைல் பாதியில் நின்றால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆனால் ஏற்கெனவே வந்த பாதி சரியானதுதானா என்று அது சோதிப்பதில்லை, அளவைப் பார்த்து மீதியை ஒட்டுகிறது, அவ்வளவுதான். எதிர்ப்பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாதபோது எட்டிப் பார்க்க நல்லது.

ஆர்சிங்க்குக்கு நான் மாறியது அந்தக் கறுப்புப் பக்கத்தைப் பார்த்த அன்றுதான். ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல்லும் பால் மக்கராஸும் 1996இல் வெளியிட்டது. அது செய்கிற முதல் நல்ல காரியம், வருகிற ஃபைலை மறைவான ஒரு தற்காலிகப் பெயரில் எழுதிக்கொண்டே வந்து, முழுசாக வந்து சோதனையும் பொருந்திய பிறகுதான் நிஜப் பெயரை வைப்பது. அரைகுறைக்கு நிஜப் பெயர் கிடைக்காது. இரண்டாவது, மறுபடி ஓடவிட்டால் இரண்டு பக்கமும் அளவையும் தேதியையும் ஒப்பிட்டு, பொருந்தியதை விட்டுவிட்டு மீதியை மட்டும் அனுப்பும். கரண்ட் பத்து தடவை போனாலும் அதே வரியைப் பத்து தடவை அடித்தால் போதும். என்னுடைய அரைகுறை எஸ்சிபி ஃபோல்டரின் மேலேயே ஓடவிட்டேன், அந்தக் கறுப்புப் பக்கத்தை அதுவே கண்டுபிடித்துச் சரிசெய்தது.

மூன்றாவதுதான் அதன் பெயரை நிலைநிறுத்தியது. ஒரு பெரிய ஃபைலில் கொஞ்சம் மட்டும் மாறியிருந்தால் மாறியதை மட்டும் அனுப்பும். வாங்கும் பக்கம் தன்னிடம் உள்ள பழைய ஃபைலைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு அடையாள எண் கணக்கிட்டு அனுப்புகிறது. அனுப்பும் பக்கம் தன் ஃபைலை பைட் பைட்டாக நகர்ந்து பார்த்து, எந்த இடத்தில் அதே எண் வருகிறதோ அதை விட்டுவிட்டு, பொருந்தாததை மட்டும் கம்பியில் ஏற்றுகிறது. ஸ்கேன் செய்த படங்களுக்கு இது பெரிதாக உதவாது, அவை மாறுவதில்லை. ஆனால் எந்தப் புத்தகம், எந்த வருஷம், யார் பெயர் என்று நான் எழுதி வைக்கும் அட்டவணை டேட்டாபேஸ் 400 எம்பி இருக்கிறது, தினமும் கொஞ்சம் வளர்கிறது. அது தினமும் ராத்திரி சில நிமிஷத்தில் காரைக்குடிக்கு வந்துவிடுகிறது.

நான் அடிக்கும் ஆப்ஷன்களைச் சொல்லிவிடுகிறேன். ஹைஃபன் ஏ எப்போதும் வேண்டும், அதுதான் தேதியையும் அனுமதிகளையும் காப்பாற்றும், தேதி மாறினால் அடுத்த முறை எல்லாவற்றையும் புதுசு என்று நினைத்து முழுக்கப் படிக்க ஆரம்பித்துவிடும். ஹைஃபன் இஸட் சுருக்கி அனுப்புவதற்கு, மெதுவான இன்டர்நெட்டில் மட்டும் போடுங்கள், கிகாபிட் கேபிளில் போட்டால் சிபியூவே தடையாகிவிடும், ஜேபெக் படங்களுக்கு எங்கேயும் வேண்டாம். ஹைஃபன் பெரிய பி போட்டால் முன்னேற்றம் தெரியும், அறுந்த ஃபைலின் பாதியும் தங்கும். ஆனால் கவனம், அப்போது அந்தப் பாதி நிஜப் பெயரிலேயே தங்கும், நான் மேலே புகழ்ந்த குணம் போய்விடும். 25 எம்பி ஃபைல்களுக்குப் பாதியைக் காப்பாற்ற வேண்டிய அவசியமே இல்லை. 60 ஜிபி வீடியோ மாதிரி ஏதாவது இருந்தால் பார்ஷியல்-டிர் என்ற ஆப்ஷனைப் போடுங்கள், அது பாதியைத் தனி ஃபோல்டரில் வைக்கும்.

அப்புறம் அந்தச் சாய்கோடு. அனுப்பும் ஃபோல்டரின் பெயருக்குப் பின்னால் சாய்கோடு வைத்தால் உள்ளே இருப்பது மட்டும் போகும், வைக்காவிட்டால் ஃபோல்டரே போகும். ஒரு நாள் வைத்து ஒரு நாள் விட்டால், பேரேடு என்ற ஃபோல்டருக்குள் இன்னொரு பேரேடு உட்கார்ந்து டிஸ்க் நிரம்பும். இதோடு டிலீட் ஆப்ஷனும் சேர்ந்தால் ஆபத்து, இந்தப் பக்கம் இல்லாததை அந்தப் பக்கம் அழித்துவிடும், கேட்காது. வேறு ஒரு வேலையில் தப்பான ஃபோல்டரைக் காட்டி, ஒரு வாரத்து ஸ்கேனை அப்படி இழந்து, மறுபடி உட்கார்ந்து எடுத்திருக்கிறேன். இப்போது டிலீட் போடும் எந்த வரியையும் முதலில் ஹைஃபன் என் சேர்த்து ஓட்டுகிறேன். அது எதையும் செய்யாது, என்ன செய்யப் போகிறது என்று மட்டும் பட்டியல் காட்டும். அந்தப் பட்டியலை உண்மையிலேயே படிக்க வேண்டும்.

தமிழில் ஃபைல் பெயர் வைப்பவர்களுக்கு இன்னொரு விஷயம், இதை யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. ‘கோட்டையூர்’ என்று ஒரு ஃபோல்டர் வைத்தால் அதில் உள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ஒரே குறியாக, அல்லது ஏகாரக் குறியும் துணைக்காலும் சேர்ந்த இரண்டாக. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். பழைய மேக் டிஸ்க் முறை எல்லாப் பெயரையும் இரண்டாகப் பிரித்து வைக்கும், லினக்ஸ் வந்ததை வந்தபடி வைக்கும், லினக்ஸுக்கு அவை இரண்டு வேறு பெயர்கள். பழைய மேக்கில் இருந்து ஒரு தடவை, விண்டோஸிலிருந்து ஒரு தடவை என்று அனுப்பினால் ஒரே பெயரில் இரண்டு கோட்டையூர் நிற்கும். ஆர்சிங்க் 3ஆம் பதிப்பில் ஐகான்வ் என்ற ஆப்ஷன் இதற்காகவே உதவுகிறது, மேக்கின் எழுத்துமுறையை லினக்ஸுக்கு மாற்றிக் கொடுக்கும். எஸ்சிபியில் அப்படி ஒன்று கிடையாது. லினக்ஸில் பெயரின் நீளம் 255 பைட்தான் என்பதையும் மனதில் வையுங்கள், தமிழில் ஒவ்வொரு குறியும் மூன்று பைட், ‘கோ’ என்பதே ஆறு பைட். நீளமான தலைப்பை அப்படியே பெயராக வைத்தால் நாற்பது எழுத்துச் சுமாரில் மறுத்துவிடும்.

ஆர்சிங்க் சிறக்காத இடமும் உண்டு. ஒவ்வொரு பக்கத்துக்கும் சின்ன முன்னோட்டப் படம், எழுத்தாக்கிய டெக்ஸ்ட், குறிப்பு என்று பல்லாயிரம் சின்னச் சின்ன ஃபைல்கள் இருந்தன, ஒவ்வொன்றும் சில கேபிதான். முதல் தடவை அனுப்பும்போது ஒவ்வொரு ஃபைலுக்கும் தனித்தனியாகத் திறந்து மூடுகிற வேலையே நேரத்தைத் தின்றுவிடும், எஸ்சிபியில் இது இன்னும் மோசம். அங்கே டார் நல்லது: இந்தப் பக்கம் டார் எல்லாவற்றையும் ஒரே ஓட்டமாக மூட்டை கட்டி, குழாய்க்குறி (ஒரு கமாண்ட் தருவதை அடுத்த கமாண்டுக்குக் கொடுக்கும் நேர்கோட்டுக் குறி) வழியாக எஸ்எஸ்ஹெச்சுக்குக் கொடுக்க, அந்தப் பக்கம் இன்னொரு டார் பிரித்து வைக்கும். நடுவில் டிஸ்க்கில் எந்த மூட்டையும் உருவாகாது. அறுந்தால் தொடராது, ஆகவே முதல் தடவைக்கு டார், பிறகு அதே ஃபோல்டரின் மேல் ஆர்சிங்க். எஸ்எஸ்ஹெச்சுக்குப் பதில் நெட்கேட் வைத்து ஓட்டச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். பழைய, பலவீனமான மெஷினில் வேகம் கூடும்தான், ஆனால் எதுவும் மறைக்கப்படாது, முழுசாக வந்ததா என்றும் தெரியாது. ஒருவர் வீட்டுக் கணக்கை அப்படி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

பைத்தானின் ஹெச்டிடிபி சர்வர் வரியும் அப்படித்தான். 8000 என்ற எண்ணுள்ள போர்ட்டில் ஃபோல்டரைத் திறந்துவிட்டால் அதே வைஃபையில் இருக்கும் யாரும் பிரௌசரில் எடுத்துக்கொள்ளலாம். உங்களுக்கு வேண்டியவரும் எடுப்பார், வேண்டாதவரும் எடுப்பார். ஆச்சியின் மொபைலுக்கு நாலு படம் கொடுக்க இரண்டு நிமிஷம் திறந்து மூடினேன், அதற்கு மேல் வேண்டாம்.

இரண்டு பக்கமும் விண்டோஸ் என்றால் ரோபோகாப்பி. விஸ்டா பதிப்பிலிருந்து விண்டோஸோடு கூடவே வருகிறது, ஷேர் செய்த ஃபோல்டருக்கு அனுப்பும், ஏற்கெனவே போனதைத் தாண்டிச் செல்லும், ஸ்லாஷ் இஸட் போட்டால் அறுந்த ஃபைலைத் தொடரும். ஸ்லாஷ் மிர் என்பது டிலீட் மாதிரியே அந்தப் பக்கத்தில் அழிக்கும், அதே ஜாக்கிரதை இங்கேயும். விண்டோஸில் ஆர்சிங்க்தான் வேண்டும் என்றால் டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் வசதி) போட்டுக்கொள்ளுங்கள்.

சென்னைக்கு முதல் பிரதியை நான் இன்டர்நெட்டில் அனுப்பவே இல்லை. வீட்டு இணைப்பில் அப்லோட் 20 எம்பிபிஎஸ், அதாவது மறுபடி அதே பத்தொன்பது மணி நேரம், நடுவில் எத்தனை தடவை அறுமோ. ஒரு டிஸ்க்கில் ஆர்சிங்க் செய்து, சென்னைக்குக் கிளம்பிய ஒருவரிடம் காரைக்குடி ஸ்டேஷனில் கொடுத்தேன். பல்லவன் எக்ஸ்பிரஸ் காலையில் கிளம்பி மதிய வாக்கில் சென்னை சேரும். ஒரு டெராபைட் டிஸ்க் ஏழு மணி நேரத்தில் சென்னை போனால் அது 300 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல், எங்கள் வீட்டு இணைப்பு அதன் அருகில் வராது. அங்கே பங்காளி டிஸ்க்கிலிருந்து தன் மெஷினுக்கு ஏற்றிய பிறகு, தினம் சேரும் பக்கங்கள் மட்டும் ராத்திரியில் ஆர்சிங்க் வழியாகப் போகின்றன. டிஸ்க் ஃபேட் முறையில் இருந்தால் ஒன்று கவனிக்க வேண்டும்: அது தேதியை இரண்டு நொடிக் கணக்கில்தான் வைக்கும், ஒரு நொடி வித்தியாசத்தில் எல்லா ஃபைலும் மாறியதாகத் தோன்றும். மாடிஃபை-விண்டோ என்ற ஆப்ஷனுக்கு 1 கொடுத்தால் சரியாகும்.

போகும்போது வழியில் எதுவும் கெடவில்லை என்று உறுதி செய்ய, இங்கே எஸ்ஹெச்ஏ256சம் கமாண்டில் எல்லா ஃபைலுக்கும் அடையாள எண் எடுத்து ஒரு பட்டியலாக டிஸ்க்கிலேயே வைத்தேன். அவர் அங்கே ஹைஃபன் சி போட்டு அந்தப் பட்டியலைச் சோதித்தார். எவ்வளவு நேரம் ஆனாலும் அதை முடிக்கச் சொன்னேன், முடித்த பிறகுதான் லேப்டாப்பில் இடம் காலி செய்தேன்.

பினாங்கு அண்ணனுக்கு வேறு வழி. அவரிடம் எஸ்எஸ்ஹெச் கிடையாது, யூசர் கணக்கு கொடுக்கவும் வாங்கவும் தேவையும் இல்லை, ஒரு போட்டோ ஆல்பம்தான், 3 ஜிபி. இப்படிப்பட்ட ஒருமுறை வேலைக்கு மேஜிக் வார்ம்ஹோல், க்ராக் இரண்டும் இருக்கின்றன. அனுப்புபவருக்கு ஒரு சின்னக் குறிச்சொல் கிடைக்கும், அதை வாங்குபவர் அடித்தால் இரண்டு மெஷினும் ஒன்றையொன்று கண்டுபிடித்து, நடுவில் இருக்கும் சர்வருக்குக்கூட உள்ளடக்கம் புரியாதபடி அனுப்பிக்கொள்ளும். ரௌட்டரில் எதையும் திறக்க வேண்டாம். இரண்டில் நான் க்ராக்கை எடுத்தேன், காரணம் மறுபடி அதே கேள்விதான்: க்ராக் அறுந்த இடத்திலிருந்து தொடரும், வார்ம்ஹோல் முதலிலிருந்து தொடங்கும். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் க்ராக் டூல் ஒரே ஃபைலாக இறங்கிவிடும்.

அண்ணனுக்குப் போனில் குறிச்சொல்லை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். அது ஒரே ஒரு தடவைக்குத்தான், ஆகவே வாட்ஸ்அப்பில் தங்க வேண்டாம் என்று நினைத்தேன். நாற்பது சதவீதத்தில் ஒரு தடவை நின்றது. “அண்ணே, அதே வரியை மறுபடி அடிங்க, நானும் அடிக்கிறேன்” என்றேன். புதுக் குறிச்சொல் கொடுத்தேன், ஏற்கெனவே இறங்கியதை விட்டுவிட்டு மீதி ஓடத் தொடங்கியது. கால் மணி நேரம் கழித்து அவரிடமிருந்து போன் வந்தது, முதலில் எதுவும் பேசவில்லை, பிறகு, “தம்பி, முகப்புத் திண்ணையில வேட்டி கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்காகளே, அது எங்க ஐயாவா?” என்று கேட்டார். நான் போனை ஆச்சியிடம் கொடுத்துவிட்டு, அட்டவணையில் அந்தப் படத்துக்கு எதிரே பெயர் எழுதக் காத்திருந்தேன்.